சொட்டுக் கணக்கு

குளச்சலில் கருவாட்டைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காகக் காய்வதில்லை. துவைத்துப் போட்ட துணி மறுநாளும் கையில் சில்லிடும். உப்புச் சாடியின் அடியில் நீர் விட்டிருக்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார்கள். அலமாரியில் பூட்டி வைத்த பட்டு வேட்டியில் பூசணம் பூத்து, கரை எது பூசணம் எது என்று தெரியாமல் அதை உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் மாவட்டம் இது. மழை ஓய்வெடுக்கும் மாதங்களில் அரபிக்கடல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

1741 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்தது இந்தக் கடற்கரையில்தான். வெற்றித்தூண் இன்றும் நிற்கிறது. பீரங்கியோடு வந்தவனைப் பிடித்துவைத்த ஊர், வெறுங்கையோடு வரும் ஈரக்காற்றிடம் மட்டும் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் போரில் என் பங்குக்கு நானும் இறங்கிய வரலாறுதான் இது. தூண் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

தணிக்கைத் துறையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு குண்டூசிப் பெட்டி குறைந்தாலும் ‘விளக்கம் கோரப்படுகிறது’ என்று எழுதிய கை இது. ஓய்வுக்குப் பிறகு தணிக்கை செய்வதற்கு வீட்டை விட்டால் வேறு அலுவலகம் இல்லை. புளி, பருப்பு, கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன். வீட்டுக்காரியிடமிருந்து எந்த விளக்கமும் வரவில்லை. வந்தவற்றை இங்கே எழுத முடியாது.

இந்த நிலையில்தான் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன், படுக்கையறைக்கு ஒரு ஒன்றரை டன் ஏசியை மாட்டிவிட்டு விமானம் ஏறினார். மகளுக்கு அப்பாவின் புழுக்கம் பொறுக்கவில்லையாம். வாங்கித் தருகிறவர்களுக்கு ஒரு நாள் செலவு, கரண்டு பில் கட்டுகிறவனுக்கு ஆயுள் தண்டனை என்று ஏர்போர்ட்டில் வைத்துச் சொல்ல வாய் வந்தது. மருமகன் முன்னால் மரியாதை கருதி விழுங்கிவிட்டேன்.

முதலில் அந்த ‘டன்’ எனக்கு உறுத்தியது. பெட்டியைத் தூக்கி வைத்த பையன்கள் இரண்டு பேர்தான். ஒன்றரை டன்னை அவர்கள் எப்படித் தூக்கினார்கள்? விசாரித்ததில் அது எடைக் கணக்கே இல்லை, பழைய ஐஸ் கணக்கு என்று தெரிந்தது. 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதை இழுக்கும் திறனுக்குப் பெயர் ஒரு டன். ஒன்றரை டன் என்றால் 1,360 கிலோ ஐஸ். நம் துறைமுகத்தில் படகுக்கு ஏற்றுகிற 50 கிலோ பார்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 27 பார். 27 பார் ஐஸை வைத்து ஒரு வள்ளத்துக்காரர் அயிலையும் கணவாயும் கெடாமல் கரை சேர்த்துவிடுவார். நான் அதை வைத்து என்னை மட்டும் கெடாமல் பாதுகாத்து வருகிறேன்.

சொட்டு ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

உள்ளே மாட்டிய பெட்டிக்கும் மொட்டை மாடியில் நிற்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு செப்புக் குழாய்கள் போகின்றன, ஒன்று தடி, ஒன்று மெல்லிசு. பின்வராந்தாச் சுவரோரமாக வளைந்து ஏறும் இடத்தில் அவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே தரை நனைந்து, சுவர் ஊதி, சுண்ணாம்பு பொருமி, அடுத்திருந்த பிளைவுட் அலமாரியின் முதுகு கர்ப்பிணியாகிவிட்டது.

ஜூன் மாதம் அது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகு வைத்திருப்பவர். தடைக்காலத்தில் அவருக்கு ஊரார் வீட்டுப் பழுது பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. வந்து அண்ணாந்து பார்த்தார். “பைப்பு ஓட்டையாக்கும். கேஸெல்லாம் போவுது” என்று தீர்ப்புச் சொன்னார். கேஸ் போகிறது என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேஸ் நிரப்ப எவ்வளவு ஆகும் என்று ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள், எதுவும் நான்கு இலக்கத்துக்குக் குறையாது.

மெக்கானிக் பையன் வந்தான். குழாயை விரலால் தொட்டு, ஈரத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

“பைப்புக்குள்ள வெள்ளமே கிடையாது சாரே. இது வெளிய உள்ள வெள்ளமாக்கும். காத்துல உள்ளது.”

உள்ளே இல்லாத பொருள் வெளியே ஒழுகுகிறது. முப்பத்துச் சொச்சம் ஆண்டுத் தணிக்கையில் இப்படி ஒரு கையாடலை நான் கண்டதில்லை.

பிறகு உட்கார்ந்து படித்தேன். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். நம் ஊருக்கு இது சாதாரண நிலவரம். அந்தக் காற்று 26 டிகிரிக்குச் சற்று மேலே வரை குளிர்ந்தாலே சுமையைத் தாங்க முடியாமல் தண்ணீரைக் கீழே போட்டுவிடும். ஆகவே குளச்சலில் 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளும் வியர்த்தே தீரும். மோர்ச் செம்பு, சர்பத் கிளாஸ், ஏசிக் குழாய் எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன. நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் எல்லாம் முதலில் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் நம் ஊரில் அந்த 24-உம் வியர்வைக் கோட்டுக்குக் கீழே. அதனால்தான் காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி பூத்திருக்கிறது. பேரன் போன விடுமுறையில் அதில் என் முகத்தை வரைந்து மீசை வைத்தான்.

குழாய்க்குள் ஓடும் குளிர்வாயு இதைவிட மோசம், 10 டிகிரி அளவில் இருக்கும். தடிக் குழாய் மட்டும் குளிரும், மெல்லிசு சூடாக இருக்கும் என்று ஒரு புத்தகத்தில் பார்த்து மெக்கானிக்கிடம் வாதாடினேன். “அது பெரிய மெஷின்ல சாரே. இதுல கேப்பிலரி மேல உள்ள பெட்டியிலயே இருக்கு. அங்கேயே கேஸ் குளிர்ந்துதான் கீழ வருது. ரெண்டுக்கும் சட்டை போடணும்” என்றான். அந்தக் கறுப்பு ரப்பர்ச் சட்டை ஏற்கெனவே போட்டதுதான். வெயில் அதைப் பிளந்துவிட்டது. அணில் உரித்தது போக மீதியைக் காக்கை கூட்டுக்குக் கொண்டுபோயிற்று. என் கரண்டு பில்லில் ஒரு காக்கைக் குடும்பம் மெத்தை போட்டுப் படுத்திருக்கிறது.

புது ரப்பருக்கு அவன் சொன்ன விலை எனக்குச் சம்மதமில்லை. எனக்கு வரலாறு தெரியும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஏரி ஐஸை வெட்டி, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பியவர் பிரெடரிக் டியூடர். 1833-இல் கல்கத்தா வந்த முதல் கப்பலில் 180 டன் ஏற்றி, நாலு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு நூறு டன் அளவுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஐஸைச் சேர்த்துவைக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். மரத்தூளுக்கே இவ்வளவு மகிமை என்றால், தென்னந்தும்புக்கு என்ன குறைச்சல்? அதுவும் தும்புக்குப் பஞ்சமில்லாத நம் கடற்கரையில்? ஒரு கட்டுத் தும்பு வாங்கி, குழாயைச் சுற்றி, மேலே பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். ஏணியை வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். “கொள்ளாம், நல்ல அனந்தசயனம்” என்றாள்.

சில நாளில் தும்பு முழுக்க நனைந்து கனத்துத் தொங்கியது. முன்பு ஓரிடத்தில் சொட்டியது இப்போது நீளம் முழுக்கச் சொட்டியது. ஈரப் புழுதி மணம், எறும்பு, ஒரு தவளை.

தும்பு வெப்பத்தைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. காற்றிலுள்ள நீராவி தும்புக்குள் சாவகாசமாக நுழைந்து செம்பைத் தொட்டுத் தண்ணீராகிறது. தும்பின் குணமெல்லாம் அதற்குள் அடைபட்ட காற்றில்தான் இருக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் கதை வேறு. அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். படகு அண்ணன் இதை ஒரே வரியில் முடித்தார்: “மீன் பெட்டியில பஃப் நுரை நனஞ்சா அதுக்க சோலி முடிஞ்சு.” டியூடரின் மரத்தூள் மட்டும் எப்படித் தாங்கியது என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே விடை தெரிந்தது. 180-இல் 80 டன் வழிக்குறைவு! எந்தத் தணிக்கையாளன் அதை அனுமதித்துக் கையெழுத்துப் போட்டான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இனி கணக்குத்தான் வழி. சொட்டும் இடத்தில் வாளியை வைத்தேன். இங்கே ஒரு நிர்வாகச் சிக்கல்: இரவு வைத்த வாளி காலையில் பல தடவை காலியாக இருந்தது. வீட்டுக்காரி எடுத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடுகிறாள். ‘ஆய்வுப் பொருள், தொடாதே’ என்று எழுதி ஒட்டியும் பயனில்லை. ஈரத்தில் தாள் விழுந்துவிட்டது. கடைசியில் விடியற்காலையில் நானே காவலிருந்து அளந்ததில், ஓர் இரவுக்கு அரை லிட்டர் சுமார்.

அரை லிட்டர்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நீராவி தண்ணீராகும்போது தனக்குள் வைத்திருக்கும் உள்ளுறை வெப்பத்தைக் கக்கிவிட்டுத்தான் தண்ணீராகும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சைக்கு வெளியே அது எனக்குப் பயன்பட்டது இதுதான் முதல் தடவை. ஒரு லிட்டர் நீர் குழாய்மேல் படிந்தால் 2,450 கிலோஜூல் வெப்பம் குழாய்க்குள் இறங்குகிறது. ஐஸ் பாஷையில் சொன்னால் 7 கிலோ ஐஸை உருக்கும் வெப்பம். கடல்மேல் சூரியன் பகல் முழுக்க உழைத்து அந்த வெப்பத்தை நீருக்குள் ஏற்றிவைக்கிறது. காற்று அதைச் சுமந்து வருகிறது. வரும் வழியில் எத்தனையோ வீடு, எத்தனையோ சுவர். யாரிடமும் கொடுக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து என் வீட்டுக் குழாயில் இறக்கி வைக்கிறது.

மூன்றரைக் கிலோ ஐஸ் தினமும் களவு போகிறது என்று வீட்டில் அறிவித்தேன். “கரண்டுல எவ்வளவு?” என்றாள் அவள். நியாயமான தணிக்கைக் கேள்வி. போட்டுப் பார்த்தேன். அரை லிட்டருக்கு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம். நீராகப் படியாமல் சும்மா உரசிவிட்டுப் போகும் காற்று கொடுக்கும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டும் சேர்ந்து ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு. ஆனால் ஏசி ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ளிவிடும். ஆக, கரண்டு நஷ்டம் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் இரவுக்கு ஒன்றரை ரூபாய் சொச்சம்.

தும்பு 140 ரூபாய். இந்தத் தகவலை நான் சபையில் வைக்கவில்லை. “கணக்கு இன்னும் முடியல” என்றேன்.

கணக்கு உண்மையாகவே முடிந்திருக்கவில்லை. சொட்டைப் பார்த்துப் பதறிய நான், பக்கத்திலேயே வெள்ளைக் குழாய் வழியாக ஏசியின் வயிற்றுத் தண்ணீர் மரியாதையாக மீன் கழுவும் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்ததைப் பொருட்படுத்தவே இல்லை. அது வாளிக் கணக்கில் வருகிறது. உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளும் இதே செம்பு, இதே குளிர், இதே ஈரக்காற்று. ஒரு மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் மெஷினின் திறனில் எட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரைப் பிழிவதற்கே போகிறது. ஈரம் கூடிய இரவுகளில் கால்பங்குகூடப் போகலாம். வெளியே அரை லிட்டர் சொட்டினால் களவு, உள்ளே எட்டு லிட்டர் விழுந்தால் சேவை. தணிக்கையில் இதற்கு ‘அனுமதிக்கப்பட்ட செலவினம்’ என்று பெயர்.

பார்க்கப்போனால் ஏசி பிறந்ததே இந்தப் பிழிகிற வேலைக்குத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் ஊதி, காய்ந்து சுருங்கி, ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் ஒழுங்காக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இருபத்தைந்து வயது எஞ்சினியர், குளிர்ச்சுருளின் மீது காற்றை ஓட்டி ஈரத்தைப் பிடித்தார். மனிதர்களின் சுகம் பிறகு வந்தது. நம் சிவகாசிக்காரர்களுக்கு அந்தச் செலவு இல்லை. காய்ந்த காற்று அவர்கள் ஊருக்கு முதல். குளச்சலில் அச்சகம் தொடங்கியிருந்தால் காலண்டரில் முருகனுக்கு இரண்டு மயில் இருந்திருக்கும்.

இப்படி உள்தண்ணீரைத் தணிக்கை செய்யும்போதுதான் பெரிய முறைகேடு கண்ணில் பட்டது. மழைக்காலத்தில் துணி காயாது என்பதால் வீட்டுக்காரி படுக்கையறையிலேயே கயிறு கட்டி, ஏசிக் காற்றில் துணியை உலர்த்துகிறாள். என்னுடைய நாலு முழம் ஒன்றே பிழிந்த பிறகும் கால் லிட்டர் தண்ணீர் வைத்திருக்கும். கயிறு முழுக்க எத்தனை லிட்டர்! அத்தனையும் ஆவியாகி ஏசிக்குள் போய்த் தண்ணீராகி மீன் தொட்டிக்கு வருகிறது. லிட்டருக்கு ஏழு கிலோ ஐஸ்! சிவப்பு மையில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்தும் போட்டு, அவளிடம் நீட்டினேன்.

அவள் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “துணி காயத் தேவைப்பட்ட சூடு எங்கேருந்து வந்தது?”

அறையிலிருந்துதான் வந்தது. ஈரத்துணி காயும்போது அறையின் சூட்டை லிட்டருக்கு அதே 2,450 கிலோஜூல் கணக்கில் வாங்கிக்கொள்கிறது. அதே நீர் சுருளில் படியும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. வரவும் செலவும் நேர். மேலே கொஞ்சம் ஈரம் கூடி உடம்பு பிசுபிசுக்கும், அவ்வளவுதான். நஷ்டம் வருவதெல்லாம் வெளிக்காற்றில். அதில் வரும் நீர் ஆவியானது கடலில், சூடு வாங்கியதும் கடலில். கொண்டுவந்து கக்குவது மட்டும் என் அறையில். அதாவது ஜன்னல் இடுக்கு, கதவின் அடி, சிகரெட்டுக்காக நான் பால்கனிக் கதவை அரையாகத் திறந்து நிற்பது. கடைசி இனம் எங்கள் கணக்கில் சேராது, ஏனென்றால் நான் சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் பதிவாகியிருக்கிறது. சிவப்பு மைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சுவர் பெயின்ட் அடிக்கிறவர் வந்து ஊதிய இடத்தைத் தட்டிப் பார்த்து ஒரு தொகை சொன்னார். அப்போதுதான் ஒன்றரை ரூபாய் என்னை ஏமாற்றியது புரிந்தது. சொட்டு கரண்டில் தின்பது கொஞ்சம், சுவரிலும் அலமாரியிலும் தின்பது ஆயிரக்கணக்கில். மெக்கானிக்கைத் திரும்ப வரச் சொன்னேன்.

தும்பை உரித்தபோது, குழாய் சேரும் நட்டைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று களிம்பு ஏறியிருந்தது. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்த வேலை. “இன்னும் ஒரு வருசம் போனா நெசமாவே ஓட்டை விழும் சாரே. அப்ப அந்த அண்ணன் சொன்னது செரியாவும்” என்றான்.

ரப்பர் மூன்று கனத்தில் வருகிறது: 9 மில்லிமீட்டர், 13, 19. நான் இயல்பாகவே ஒன்பதைக் கையில் எடுத்தேன்.

“மதுரையில எண்ணா ஒம்பது போதும். இது குளச்சலாக்கும்.”

அவன் வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று சந்தேகப்பட்டு அதையும் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஒன்பது போட்டால் ரப்பரின் மேல்தோலே 25 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும். நம் வியர்வைக் கோடு 26. குழாய்க்குப் பதில் ரப்பர் வியர்க்கும். பதின்மூன்று மயிரிழையில் தப்பும். பத்தொன்பது என்றால் தோல் 27 டிகிரிக்கு மேல் நிற்கும், நிம்மதி. அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நான் இதற்கு இரண்டு தாள் கணக்குப் போட்டேன்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் நன்றாகக் காயவிட்டான். “ஈரத்த உள்ள வச்சு மூடினா அது அங்கேயே குடியிருக்கும்.” ரப்பரை நீளவாக்கில் கீறி, குழாய்மேல் மாட்டி, கீறிய இரண்டு உதட்டிலும் பசை தடவி, பசை கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தினான். வளைவில் இழுத்துப் பிடிக்காமல் துண்டு போட்டு ஒட்டினான். கிளாம்பு கடிக்கும் இடத்தில் ரப்பர் நசுங்கினால் அங்கேதான் முதல் சொட்டு வருமாம். நட்டுக்குத் தனிச் சட்டை. கடைசியில் வெள்ளை டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினான். மேலே வரும் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் ஓடு வேய்ந்தபடி கவிழும். மழை உள்ளே போகாது. மேலிருந்து கீழாகச் சுற்றினால் அரை நிமிடம் மிச்சமாகும், மழையும் உள்ளே போகும். அணிலுக்கு மட்டும் அவனிடம் மருந்தில்லை.

கூலியோடு 2,000 ரூபாய். இரவுக்கு ஒன்றரை ரூபாய் மிச்சத்தில், வருடத்துக்கு நூறு இரவு ஓடினால், போட்ட பணம் திரும்ப 13 வருடம் ஆகும். ரப்பர் அதுவரை இருக்காது. நான் இருப்பதைப் பற்றியும் வீட்டில் யாரும் உத்தரவாதம் தரவில்லை. கோப்பில் ‘சுவர்ப் பராமரிப்பு’ என்ற தலைப்புக்கு மாற்றி எழுதி முடித்தேன்.

மறுநாள் காலை வாளி காய்ந்து கிடந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டுக்காரி வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இஞ்ச பாருங்க, எனக்க கறிவேப்பிலைக்கு வெள்ளம் எங்க?”

மீன் தொட்டியில் விழும் வெள்ளைக் குழாயை நீட்டிச் செடிக்குக் கொண்டுபோகலாம் என்று அவளே யோசனையும் சொன்னாள். மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். பதினைந்து அடி ஓஸ், இரண்டு எல்போ, வந்துபோகும் கூலி தனி என்கிறான். எல்போ ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று விளக்கம் கோரியிருக்கிறேன்.